ரிப்போர்ட் எழுத வேண்டுமா? எது உங்கள் வேலை, எது கம்ப்யூட்டரின் வேலை?

புதிய கம்ப்யூட்டரை வீட்டிற்குக் கொண்டு வந்தவுடன் பாட்டு, படம், இன்டர்நெட் என்று சில நாட்கள் ஓடிவிடும். அதன் பின் ஒரு நாள் உண்மையான வேலை வந்து நிற்கும். கல்லூரியில் படிக்கும் மகள் புராஜக்ட் ரிப்போர்ட் தர வேண்டும் என்பாள். அலுவலகத்தில் மேலாளர், "நேரில் பார்த்துவிட்டு ஒரு ரிப்போர்ட் கொடுங்கள்" என்பார். குடியிருப்போர் சங்கத்தில் ஆண்டறிக்கை கேட்பார்கள்.

உடனே வேர்ட் தொகுப்பைத் திறக்கிறோம். தலைப்பை டைப் செய்கிறோம். அதனை வேர்ட் ஆர்ட் மூலம் வளைத்து வண்ணம் கொடுக்கிறோம். பக்கத்தைச் சுற்றி ஒரு பார்டர் போடுகிறோம். நான்கைந்து பாண்ட்களை மாற்றிப் பார்க்கிறோம். ஒரு மணி நேரம் போய்விடும். ரிப்போர்ட்டில் ஒரு வரி கூட இருக்காது.

ரிப்போர்ட் எழுதுவதில் இரண்டு வகை வேலைகள் உள்ளன. என்ன கேட்டார்கள், என்ன கண்டோம், என்ன செய்யலாம் என்று யோசித்து எழுதுவது நம் வேலை. பக்க எண் போடுவது, பொருளடக்கம் தயாரிப்பது, தலைப்புகளை ஒரே மாதிரி அமைப்பது, அட்டவணைகளுக்கு வரிசை எண் தருவது ஆகியவை கம்ப்யூட்டரின் வேலை. நம்மில் பலர் கம்ப்யூட்டரின் வேலையைக் கையால் செய்து களைத்துப் போய், நம் வேலையை அவசரத்தில் முடிக்கிறோம். இந்தக் கட்டுரையில் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

ரிப்போர்ட் யாருக்காக?

கட்டுரையை ஒருவர் விரும்பினால் படிப்பார். ரிப்போர்ட் அப்படி அல்ல. அதை ஒருவர் கேட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பணம் ஒதுக்குவதா வேண்டாமா, இயந்திரத்தை மாற்றுவதா பழுது பார்ப்பதா, மாணவருக்கு என்ன மதிப்பெண் தருவது என ஏதாவது ஒரு முடிவு அதன் பின்னால் காத்திருக்கும். அவருக்கு நேரமும் குறைவாக இருக்கும். எனவே முக்கியமான செய்தி எங்கோ நடுவில் ஒளிந்திருந்தால், அந்த ரிப்போர்ட் எழுதியும் பயனில்லை.

இது வெறும் அழகு பற்றிய விஷயம் அல்ல. 2003 ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டது. அரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் அதில் இருந்தனர். கிளம்பிய ஒன்றரை நிமிடத்திற்குள் எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் இந்த மோதலை ஆராய்ந்து, பவர்பாயிண்ட் ஸ்லைடுகளாக நாசாவுக்கு அளித்தனர்.

அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற எண்ணத்தைத் தந்தது. ஆனால் அதே ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில், வரிக்குள் வரியாக வேறொரு செய்தி இருந்தது. முன்பு சோதனைக்குப் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம். இப்போது மோதியதாகக் கணக்கிட்ட துண்டு 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது. பழைய சோதனை முடிவுகளை நம்ப முடியாது என்பதே இதன் பொருள். தலைப்பில் வர வேண்டிய செய்தி கடைசி வரியில் இருந்தது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. 7 பேரும் இறந்தனர். ஒரு ஸ்லைடு மட்டுமே இந்த விபத்திற்குக் காரணம் அல்ல. ஆனால் விசாரணைக் குழு அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துக் காட்டியது. முழுமையான தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடுகளை வைத்து முடிவெடுக்கும் பழக்கத்தையும் குறை கூறியது.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதும் ரிப்போர்ட்டில் உயிர் போகும் ஆபத்து இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாடம் ஒன்றுதான். முடிவு எடுக்கப் போகிறவர் முதலில் பார்க்கும் இடத்தில், அவருக்கு முக்கியமான செய்தி இருக்க வேண்டும்.

டைப் செய்யும் முன்

கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன் ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொள்ளுங்கள்.

1. இந்த ரிப்போர்ட்டை யார் கேட்டார்? யார் படிப்பார்?
2. அவர் கேட்ட கேள்வி என்ன? (ஒரே வாக்கியத்தில்)
3. படித்த பின் அவர் எடுக்க வேண்டிய முடிவு என்ன?
4. எந்தத் தேதிக்குள், எத்தனை பக்கத்திற்குள் தர வேண்டும்?

கல்லூரி புராஜக்ட் என்றால் துறையில் ஒரு வடிவமைப்புத் தாள் தருவார்கள். ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த பாண்ட், என்ன அளவு, எந்த வரிசையில் பக்கங்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதனை முதலில் வாங்கி வைத்துக் கொள்ளவும். அந்தத் தாளும் இந்தக் கட்டுரையும் மாறுபட்டால், அந்தத் தாள் சொல்வதையே பின்பற்றவும். சென்ற ஆண்டு மாணவரின் ரிப்போர்ட்டைப் பார்த்து அப்படியே அமைப்பது சரியல்ல. விதிகள் மாறி இருக்கலாம்.

ஓர் உதாரணம்

இனி ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் 20 கம்ப்யூட்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனியே ஒரு யு.பி.எஸ். உண்டு. வாங்கி 5 ஆண்டுகள் ஆகின்றன. மின்சாரம் நின்றால் பல கம்ப்யூட்டர்கள் உடனே அணைந்துவிடுகின்றன. மாணவர்கள் செய்த வேலை அழிந்து போகிறது. ஆய்வக ஆசிரியர்கள் 20 புதிய யு.பி.எஸ். வேண்டும் என்கிறார்கள். தலைமை ஆசிரியர் உங்களிடம், "உண்மையில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? பார்த்து ரிப்போர்ட் கொடுங்கள்" என்கிறார்.

இதற்கான ரிப்போர்ட்டில் என்னென்ன பகுதிகள் இருக்கும்?

முகப்புப் பக்கம்: தலைப்பு, யாருக்கு, யார் எழுதியது, தேதி. "யு.பி.எஸ். பற்றிய அறிக்கை" என்ற தலைப்பு போதாது. "கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் உள்ள 20 யு.பி.எஸ். சாதனங்களின் நிலையும் மாற்ற வேண்டியவையும்" என்று இருந்தால் பைலில் தேடும்போது கூட எளிதில் கிடைக்கும்.

சுருக்கம்: மொத்த ரிப்போர்ட்டும் அரைப் பக்கத்தில். இது முதலில் இருக்கும். ஆனால் கடைசியில்தான் எழுத வேண்டும்.

பொருளடக்கம்: ஐந்தாறு பக்கத்திற்கு மேல் போனால் மட்டும் தேவை.

நோக்கம்: என்ன கேட்கப்பட்டது, எதனை ஆராய்ந்தோம், எதனை ஆராயவில்லை.

செய்த முறை: எப்படிச் சோதித்தோம். இன்னொருவர் இதைப் படித்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். "யு.பி.எஸ்.கள் சோதிக்கப்பட்டன" என்றால் போதாது. "ஓர் இரவு முழுவதும் சார்ஜ் செய்த பின், ஒரு கம்ப்யூட்டரும் மானிட்டரும் இயங்கும் நிலையில், சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்து, யு.பி.எஸ். நிற்கும் வரை நிமிடங்கள் குறிக்கப்பட்டன" என்று எழுத வேண்டும்.

கண்டவை: எண்களும் அட்டவணைகளும் இங்கே வரும். நம் கருத்து இங்கே வரக் கூடாது.

முடிவும் பரிந்துரையும்: கண்டவற்றிலிருந்து என்ன தெரிகிறது, என்ன செய்யலாம், எவ்வளவு செலவாகும்.

பின்னிணைப்பு: 20 சாதனங்களின் தனித்தனிக் கணக்கு, கடையில் வாங்கிய விலைப்பட்டியல், போட்டோக்கள். ரிப்போர்ட்டின் நடுவில் இவற்றைத் திணித்தால் படிப்பவர் வழி தவறுவார்.

சுருக்கம் எப்படி இருக்க வேண்டும்?

பலர் சுருக்கம் என்ற பெயரில், "இந்த அறிக்கையில் யு.பி.எஸ். சாதனங்களின் நிலை விரிவாக ஆராயப்பட்டு, முடிவுகள் தரப்பட்டுள்ளன" என்று எழுதுகிறார்கள். முடிவுகள் தரப்பட்டுள்ளன என்று சொல்கிறோமே தவிர, முடிவு என்ன என்று சொல்லவில்லை. கீழே உள்ளதைப் பாருங்கள்.

"ஆய்வகத்தில் உள்ள 20 யு.பி.எஸ். சாதனங்களையும் மாற்ற வேண்டுமா என்று அறிந்து கூறத் தலைமை ஆசிரியர் கேட்டுக் கொண்டார். 13 பேட்டரிகளும் ஒரு புதிய யு.பி.எஸ். சாதனமும் வாங்கினால் போதும். செலவு ரூ.16,000. இருபதையும் மாற்றினால் ரூ.60,000 ஆகும். சோதனையில் 6 சாதனங்கள் 10 நிமிடங்களுக்கு மேல் இயங்கின. 9 சாதனங்கள் 5 நிமிடங்களுக்குள் நின்றன. 5 சாதனங்கள் உடனே நின்றன. சரியாக இயங்காத 14 சாதனங்களிலும் நல்ல பேட்டரி ஒன்றை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்ததில், 13 சாதனங்கள் நன்றாக இயங்கின. ஒன்று மட்டும் இயங்கவில்லை."

இதற்கு மேல் ஒரு பக்கம் கூடப் படிக்காமல் தலைமை ஆசிரியர் முடிவு எடுக்க முடியும். சந்தேகம் வந்தால் மட்டுமே உள்ளே போவார். எண்களைக் கூட்டிப் பாருங்கள். 6, 9, 5 சேர்ந்தால் 20. பேட்டரி ஒன்று ரூ.1,000, யு.பி.எஸ். ஒன்று ரூ.3,000 என்று உதாரணத்திற்கு எடுத்துக் கொண்டால், 13,000, 3,000 சேர்ந்து 16,000. படிப்பவரும் இப்படிக் கூட்டிப் பார்ப்பார். ஒரு கூட்டல் தவறினால் மற்ற எல்லா எண்கள் மீதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இன்னொன்றும் முக்கியம். நன்றாக இயங்கும் 6 சாதனங்களின் பேட்டரிகளும் 5 ஆண்டு பழையவைதான். அவை இன்னும் அதிக நாள் வரும் என்று சொல்ல முடியாது. இதையும் முடிவுப் பகுதியில் ஒரு வரியில் எழுத வேண்டும். மறைத்துவிட்டால் அடுத்த ஆண்டு அவையும் நின்று போகும்போது, உங்கள் ரிப்போர்ட்டே தவறு என்று ஆகிவிடும். நாம் செய்த சோதனையின் எல்லையைச் சொல்வது பலவீனம் அல்ல. படிப்பவருக்கு அதுதான் பாதுகாப்பு.

வாக்கியங்கள்

ரிப்போர்ட் என்றால் கடினமான தமிழில், நீண்ட வாக்கியங்களில் எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. கீழ்க்கண்டவற்றை மட்டும் கவனித்தால் போதும்.

"பல", "சில", "ஓரளவு", "மிகவும்" போன்ற சொற்கள் வரும் இடங்களில் எண் தர முடியுமா என்று பாருங்கள். "பல சாதனங்கள் பழுது" என்பதைவிட "20-ல் 14 பழுது" என்பது வலுவானது.

"சமீபத்தில்", "சென்ற வாரம்" என்று எழுத வேண்டாம். ரிப்போர்ட்டை இரண்டு ஆண்டு கழித்தும் யாராவது எடுத்துப் படிக்கலாம். தேதியைத் தரவும்.

நேரில் கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும், நாம் ஊகிப்பதையும் பிரித்து எழுதவும். "5 சாதனங்கள் உடனே நின்றன" என்பது கண்டது. "கடந்த 6 மாதங்களாக இப்படித்தான் என்று ஆய்வக ஆசிரியர்கள் கூறினர்" என்பது கேட்டது. "அடிக்கடி ஏற்படும் மின்வெட்டால் பேட்டரிகள் விரைவில் பழுதாகி இருக்கலாம்" என்பது ஊகம்.

யார் மீதும் குறை சொல்லும் தொனி வேண்டாம். "சரியாகப் பராமரிக்கவில்லை" என்பதற்குப் பதில், "பராமரிப்புப் பதிவேட்டில் பேட்டரி மாற்றியதாகப் பதிவு இல்லை" என்று எழுதினால், உண்மை மட்டும் நிற்கும்.

இனி கம்ப்யூட்டரின் வேலை

இதுவரை நம் வேலை. இனி வேர்ட் தொகுப்பு என்ன செய்து தரும் என்று பார்ப்போம். ரிப்பன் மெனு உள்ள வேர்ட் தொகுப்புகளுக்கு இவை பொருந்தும்.

1. ஹெடிங் ஸ்டைல்: இது ஒன்றைக் கற்றுக் கொண்டால் பாதி வேலை முடிந்தது. "நோக்கம்" என்ற தலைப்பைப் பெரிதாக்க, அதைத் தேர்ந்தெடுத்து போல்ட் செய்து, பாண்ட் அளவை 16 ஆக்குவோம். நம் கண்ணுக்கு அது தலைப்பு. வேர்டுக்கு அது பெரிய எழுத்தில் உள்ள ஒரு வரி, அவ்வளவுதான். அதற்குப் பதில், கர்சரை அந்த வரியில் வைத்து, ஹோம் டேப்பில் ஸ்டைல்ஸ் என்ற பிரிவில் ஹெடிங் 1 என்பதைக் கிளிக் செய்திடவும். கீ போர்டில் கண்ட்ரோல், ஆல்ட், 1 ஆகிய மூன்று கீகளை ஒருசேர அழுத்தினாலும் போதும். உட்தலைப்புகளுக்கு ஹெடிங் 2. இப்போது அது தலைப்பு என்று வேர்டுக்கும் தெரியும்.

தோற்றம் பிடிக்கவில்லையா? ஹெடிங் 1 மீது ரைட் கிளிக் செய்து மாடிபை என்பதைத் தேர்ந்தெடுத்து, பாண்ட், அளவு, வண்ணம் ஆகியவற்றை மாற்றி ஓகே கொடுக்கவும். 40 பக்கத்தில் உள்ள எல்லாத் தலைப்புகளும் ஒரே நொடியில் மாறிவிடும்.

2. பொருளடக்கம்: தலைப்புகளையும் பக்க எண்களையும் புள்ளி புள்ளியாக டைப் செய்து பொருளடக்கம் தயாரிப்பவர்கள் இன்றும் உண்டு. நடுவில் ஒரு பக்கம் சேர்த்தால் எல்லாம் மாறிவிடும். ஹெடிங் ஸ்டைல் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பொருளடக்கம் வர வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, ரெபரன்ஸஸ் டேப்பில் டேபிள் ஆப் கண்டென்ட்ஸ் என்பதைக் கிளிக் செய்து, ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கவும். பொருளடக்கம் தானே வந்துவிடும். பின்னர் ரிப்போர்ட்டில் மாற்றம் செய்தால், பொருளடக்கத்தின் மீது கிளிக் செய்து எப் 9 கீயை அழுத்தவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் அப்டேட் என்டயர் டேபிள் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே செய்தால், புதிய எண்கள் வரும்.

3. புதிய பக்கம்: அடுத்த அத்தியாயம் புதிய பக்கத்தில் தொடங்க, என்டர் கீயை 20 முறை தட்ட வேண்டாம். முன்னால் ஒரு வரி கூடினால் எல்லாம் நகர்ந்துவிடும். கண்ட்ரோல் கீயுடன் என்டர் கீயை ஒரு முறை அழுத்தவும். அதே போல, எண்களை நேராக அமைக்க ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டாம். டேப் கீயோ, ஒரு டேபிளோ போதும்.

4. பக்க எண்: இன்சர்ட் டேப்பில் பேஜ் நம்பர் உள்ளது. முகப்புப் பக்கத்தில் எண் வேண்டாம் என்றால், கீழ்ப்பகுதியில் டபுள் கிளிக் செய்து, மேலே தோன்றும் டேப்பில் டிபரண்ட் பர்ஸ்ட் பேஜ் என்ற இடத்தில் டிக் செய்திடவும்.

கல்லூரி ரிப்போர்ட்களில் முன்பகுதிக்கு ரோமன் எண்ணும், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3 என்றும் கேட்பார்கள். முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கர்சரை வைத்து, லேஅவுட் டேப்பில் பிரேக்ஸ் கிளிக் செய்து, செக்‌ஷன் பிரேக்ஸ் என்பதன் கீழ் உள்ள நெக்ஸ்ட் பேஜ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். (பழைய பதிப்புகளில் இந்த டேப்பின் பெயர் பேஜ் லேஅவுட்.) பிறகு அந்தப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் டபுள் கிளிக் செய்து, லிங்க் டு பிரீவியஸ் என்பதை அணைத்துவிடவும். இதை மறந்தால் இரண்டு பகுதிகளும் ஒன்றாகவே மாறும். இனி பேஜ் நம்பர் மெனுவில் பார்மட் பேஜ் நம்பர்ஸ் சென்று, ஒவ்வொரு பகுதிக்கும் எண் வகையையும் தொடங்கும் எண்ணையும் தனித்தனியே தரலாம்.

5. அட்டவணை எண்: "அட்டவணை 3" என்று கையால் டைப் செய்தால், நடுவில் ஓர் அட்டவணை சேர்க்கும்போது எல்லாவற்றையும் தேடித் திருத்த வேண்டும். ரெபரன்ஸஸ் டேப்பில் இன்சர்ட் கேப்ஷன் என்பதைக் கிளிக் செய்திடவும். தமிழில் வேண்டும் என்றால் நியூ லேபிள் பட்டனை அழுத்தி "அட்டவணை" என்று டைப் செய்து கொள்ளலாம். எண்ணை வேர்ட் தரும். "அட்டவணை 3-ஐப் பார்க்கவும்" என்று எழுத வேண்டிய இடத்தில், அதே டேப்பில் உள்ள கிராஸ் ரெபரன்ஸ் மூலம் எண்ணை இணைக்கலாம். முடிவில் கண்ட்ரோல் கீயுடன் ஏ கீயை அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எப் 9 அழுத்தினால் எண்கள் சரியாகிவிடும்.

6. நீண்ட டேபிள்: டேபிள் அடுத்த பக்கத்திற்குச் சென்றால், எந்தக் கட்டம் எதைக் குறிக்கிறது என்று தெரியாது. முதல் வரிசையில் கர்சரை வைத்து, டேபிளுக்கான லேஅவுட் டேப்பில் ரிபீட் ஹெடர் ரோஸ் என்பதைக் கிளிக் செய்திடவும். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரிசை தோன்றும்.

வேர்ட் இல்லையா?

பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. திருட்டு சிடியும் வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள ரைட்டர் இலவசம். அதில் கண்ட்ரோல் கீயுடன் 1 அழுத்தினால் ஹெடிங் 1 கிடைக்கும். பொருளடக்கம் இன்சர்ட் மெனுவில் உள்ளது. இன்டர்நெட் இணைப்பு இருந்தால் கூகுள் டாக்ஸ் பயன்படுத்தலாம். அதிலும் ஹெடிங் ஸ்டைலும் பொருளடக்கமும் உண்டு. எந்தத் தொகுப்பானாலும் அடிப்படை ஒன்றே. தலைப்பு எது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

தமிழில் எழுதினால்

பழைய கம்ப்யூட்டர்களில் தமிழுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி குறியீட்டில் பாண்ட் தந்து வந்தது. அத்தகைய பாண்டில் டைப் செய்த ரிப்போர்ட்டை, அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத எழுத்துகள் தெரியும். எனவே யூனிகோட் முறையிலேயே டைப் செய்திடவும். தமிழக அரசும் 2010 ஆம் ஆண்டு யூனிகோட் முறையை ஏற்றுக் கொண்டுள்ளது. விண்டோஸில் உள்ள லதா, நிர்மலா யு.ஐ. ஆகிய பாண்ட்கள் யூனிகோட் வகையைச் சேர்ந்தவை. டைப் செய்ய, 1999 ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்ட தமிழ் 99 கீ போர்ட் முறையைக் கற்றுக் கொள்வது நல்லது. சில நாட்களில் கை பழகிவிடும்.

பிரிண்ட் எடுக்கும் முன்

வீட்டில் பிரிண்டர் இல்லாமல் வெளியே கடையில் பிரிண்ட் எடுப்பவர்கள், வேர்ட் பைலை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம். அங்குள்ள கம்ப்யூட்டரில் வேறு பதிப்பு இருந்தால், பாண்ட் மாறும். அட்டவணை பக்கம் தாண்டும். பொருளடக்கத்தின் எண்கள் தவறாகும். எப் 12 கீயை அழுத்தி, சேவ் அஸ் விண்டோவில் பைல் வகை என்ற இடத்தில் பி.டி.எப். என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடவும். திரையில் பார்த்தது போலவே எங்கும் பிரிண்ட் ஆகும். வேர்ட் 2010 முதல் இந்த வசதி உடனே கிடைக்கிறது.

ரிப்போர்ட் பைலை ஒரே இடத்தில் மட்டும் வைத்திருப்பதும் ஆபத்து. டைப் செய்யும்போதே சில நிமிடங்களுக்கு ஒரு முறை கண்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்தவும். தினமும் முடிக்கும்போது, தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு நகலைப் பென் டிரைவில் எடுத்துக் கொள்ளவும். உங்கள் இமெயில் முகவரிக்கே ஒரு நகலை அனுப்பி வைத்தால் இன்னும் நல்லது.

காப்பி வேண்டாம்

இன்டர்நெட்டில் கண்டதை காப்பி செய்து பேஸ்ட் செய்வது எளிது. கண்டுபிடிப்பதும் இப்போது அதே அளவு எளிது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஆம் ஆண்டு இதற்காக விதிகளை வெளியிட்டது. பட்ட ஆய்வேடுகளில் பிறர் எழுத்துடன் ஒத்துப் போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 சதவீதம் என்றால், 6 மாதங்களுக்கு மிகாத காலத்திற்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 சதவீதம் என்றால், திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குத் தர முடியாது. 60-க்கு மேல் என்றால் பதிவே ரத்தாகும். பிறர் எழுதியதை மேற்கோளாகக் காட்டி, எங்கிருந்து எடுத்தது என்று முறையாகக் குறித்தால் அது இந்தக் கணக்கில் சேராது. எனவே எடுக்கும்போதே நூல் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைத் தனி பைலில் குறித்து வைக்கவும். பின்னர் தேடினால் கிடைக்காது.

சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. தளங்களில் கேட்டால் முழு ரிப்போர்ட்டே எழுதித் தருகின்றன. வாக்கியங்களைச் சீர் செய்ய இவை உதவலாம்; உங்கள் கல்லூரியோ அலுவலகமோ அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக் கொள்ளவும். ஆனால் உங்கள் ஆய்வகத்தில் எத்தனை யு.பி.எஸ். நின்றது என்று இந்தத் தளங்களுக்குத் தெரியாது. தெரியாததையும் தெரிந்தது போல எழுதிவிடும். இல்லாத நூல்களைக் கூட மேற்கோளாகத் தரும். ரிப்போர்ட்டில் கையெழுத்து இடுவது நீங்கள். பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

கொடுக்கும் முன் கடைசிச் சோதனை

1. ஒரு நகலைப் பிரிண்ட் எடுத்துப் படியுங்கள். திரையில் கண்ணுக்குத் தப்பிய பிழை தாளில் தெரியும்.
2. எல்லாக் கூட்டல்களையும் கால்குலேட்டரில் மீண்டும் போட்டுப் பாருங்கள். சுருக்கத்தில் உள்ள எண்ணும் உள்ளே உள்ள எண்ணும் ஒன்றுதானா?
3. ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஆதாரம் "கண்டவை" பகுதியில் இருக்கிறதா? இல்லை என்றால் அது ரிப்போர்ட் அல்ல, ஆசை.
4. பெயர்கள், பதவிகள், தேதிகள் சரியா?
5. பொருளடக்கத்தை எப் 9 அழுத்திப் புதுப்பித்தீர்களா?

ஆறாவதாக ஒரு சோதனை உண்டு. இந்த விஷயம் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம், வீட்டில் உள்ளவராகக் கூட இருக்கலாம், சுருக்கத்தை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கழித்து அதைத் திரும்ப வாங்கிக் கொண்டு, "என்ன செய்ய வேண்டும் என்று எழுதி இருக்கிறேன்?" என்று கேளுங்கள். "13 பேட்டரியும் ஒரு யு.பி.எஸ்.ஸும் வாங்க வேண்டும்" என்று பதில் வந்தால், பி.டி.எப். ஆக மாற்றிக் கொடுத்துவிடலாம். அவர் தயங்கினால், பார்டரையும் வண்ணத்தையும் தொட வேண்டாம். சுருக்கத்தை மட்டும் இன்னொரு முறை எழுதுங்கள்.